அவள் பெயரில் நான் வளர்த்த மரச்சீனி

அமெரிக்காவில் தமிழர்கள் யாரை முதல்முறை பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எந்த ஊர், எங்கே வேலை. முதல் கேள்விக்கு மார்த்தாண்டம் பக்கம் என்று நான் உடனே சொல்லிவிடுவேன். இரண்டாவது கேள்விக்குத்தான் ஐந்து வருடமாகப் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிந்தபாடில்லை.

என் மனைவி ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். என் விசா இந்த நாட்டில் என்னை இருக்க விடும், சாப்பிட விடும், தூங்க விடும். சம்பளத்துக்கு வேலை பார்க்க மட்டும் விடாது. அவளுடைய நிர்வாகம் க்ரீன் கார்டு விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தாண்டினால் எனக்கும் வேலை அனுமதி கிடைக்குமாம். நிர்வாகம் தாண்டுவதாகத் தெரியவில்லை. ஊரில் பாலிடெக்னிக்கில் பதினோரு வருடம் வெப்ப இயக்கவியல் நடத்தியவன் நான். இங்கே கொதிக்கும் தண்ணீரைப் பார்த்தால் அந்தப் பாடம் ஞாபகம் வரும், அவ்வளவுதான் மிச்சம்.

நாங்கள் இருப்பது ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில். எங்களிடம் ஒரே கார். அதை அவள் காலை ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மகள் ஸ்கூல் பஸ் ஏறியதும் வீட்டில் நான் மட்டும். நடந்து எங்கேயாவது போகலாம் என்றால், எங்கள் குடியிருப்பின் கேட்டைத் தாண்டியதும் நடைபாதை முடிந்துவிடும். அதற்கப்புறம் புல்லும் கார்களும்தான். முதல் வருடம் ஒரு நாள் பிடிவாதமாக அந்தப் புல்லில் ஒரு மைல் நடந்தேன். இரண்டு பேர் காரை நிறுத்தி, வண்டி ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அன்றோடு நடப்பதை விட்டுவிட்டேன்.

சமையலும் தோட்டமும் எனக்கு ஆசையில் வந்தவை என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தில் வந்தவை. ஊரில் இருந்தவரை அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாதவன் நான். இங்கே சும்மா இருந்து சும்மா இருந்து, ஒரு நாள் மனைவி ராத்திரி சமைக்க ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போன சிக்கனைப் பார்த்து எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து அவள் இதையும் செய்ய வேண்டும், நான் சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். போனில் ஒரு வீடியோவைப் போட்டு அன்றே சமைத்தேன். உப்பு அள்ளிக் கொட்டியிருந்தேன். அவள் தயிரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தாள். அடுத்த நாளும் நானே சமைத்தேன். அதற்கடுத்த நாளும். இரண்டு மாதத்தில் அடுக்களை என்னுடையதாகிவிட்டது.

தோட்டம் அதைவிடப் பெரிய சண்டை. எங்கள் ஊரில் செம்மண். கரிசலை நான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். பேர்லேண்டில் வீட்டுக்குப் பின்னால் தோண்டினால் அதே கறுப்பு மண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயில் அடித்தால் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். முதல் வருடம் போட்ட விதை எல்லாம் அழுகியது. இரண்டாவது வருடம் இலைச் சருகு, காய்கறித் தோல், மணல் என்று கண்டதையும் கொட்டிக் கொத்தினேன். வெண்டை வந்தது. பாகல் வந்தது. புடலைக்குப் பந்தல் போட்டேன். கொடி வேலிக்கு மேல் தலையை நீட்டியதும் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிறதாம். பந்தலை இடுப்புயரத்துக்கு இறக்கினேன். என் புடலங்காயைப் பறிக்க நானே குனிந்து தவழ்ந்து போக வேண்டியதாயிற்று.

ஆனால் அந்தப் பந்தலுக்கடியில் தவழ்ந்து போகும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். கீரையைப் பறித்து ஐந்து நிமிடத்தில் சட்டியில் போட்டால் அது வேறு கீரை. நுனியை ஒடித்தால் டக்கென்று சத்தம் கேட்கும் வெண்டைக்காயை இங்கேதான் முதன்முதலாகத் தின்றேன். ஊரில் நாற்பது வருடம் தின்றதெல்லாம் சந்தையில் கிடந்து வாடியது என்று அப்போதுதான் தெரிந்தது. காலையிலிருந்து ஒருத்தரிடமும் பேசாத வாய், இரவு அவளும் மகளும் சாப்பிடும்போது தானாகப் பேச ஆரம்பித்துவிடும். இந்தக் காய் எந்தச் செடி, எத்தனை நாள், எந்தப் பூச்சி என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். மகள் கண்ணை உருட்டுவாள்.

மீன்தான் எனக்குக் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பு. கடலோரம் போகிற வழியில் தூண்டில்காரர்களுக்கு இரை விற்கிற கடை ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை கழிப்பறை தேடி உள்ளே போனால், அன்று காலை வலை வீசிப் பிடித்த மடவை ஐஸில் பளபளவென்று கிடக்கிறது. ஊரில் மடவைக்குச் சண்டை போட்டு வாங்குவோம். இங்கே அது பெரிய மீனைப் பிடிக்கக் கொக்கியில் மாட்டுகிற இரை. ஆறு மடவை வாங்கினேன். எந்த மீனுக்குப் போடப் போகிறாய் என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் இரண்டு பெரிய மீன் இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது. தெரியாது, முயற்சி செய்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கல்லுப்பும் புளியும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவி, தேங்காய் அரைத்து ஊற்றி வைத்த குழம்பு அடுத்த நாள் காலையில் என்னையே அசர வைத்தது. அதற்கப்புறம் மாதம் இரண்டு சனிக்கிழமை நான் அங்கே தவறாத வாடிக்கையாளர்.

மரச்சீனிக் கம்பு, மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்பார்களே அது, ஒரு வியட்நாம்காரர் நர்சரியில் கிடைத்தது. கரிசல் மண்ணில் கிழங்கு இறங்காது என்று தெரியும். மண்ணைக் குவித்து முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, மேட்டில் நட்டேன். மார்ச்சில் நட்டது அக்டோபரில் ஆள் உயரத்துக்கு நின்றது. பிடுங்கினால் கை பருமனில் நாலு கிழங்கு. குமரி மாவட்டத்துக்காரனுக்கு மரச்சீனியும் மீன் குழம்பும் கிடைத்துவிட்டால் அன்றைக்கு வேறெதுவும் கேட்க மாட்டான்.

இனி, என் வாயால் நானே மாட்டிக்கொண்ட கதை. வாயால் என்றுகூடச் சொல்ல முடியாது, தலையால்.

எங்கள் தமிழ்ச் சபை ஒரு அமெரிக்கத் தேவாலயத்தின் ஹாலை ஞாயிறு மதியம் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறது. மாதம் ஒரு ஞாயிறு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவோம். முதன்முதலாக நான் மரச்சீனியை வேகவைத்துத் தேங்காய் போட்டு மசித்த மயக்கும் மடவைக் குழம்பும் கொண்டுபோன அன்று, பாத்திரம் பத்து நிமிடத்தில் காலியானது. சபையின் பெண்களுக்கெல்லாம் மூத்தவராக ஒரு அக்கா உண்டு. நாகர்கோவில்காரர், நல்ல மனசு, குரல் ஹால் முழுக்கக் கேட்கும். அவர் கையை நக்கிக்கொண்டே என் மனைவியிடம் வந்தார்.

"சிஸ்டர், இது நீங்க வச்சதா?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நாலு ஆண்களோடு நின்றுகொண்டிருந்தேன். ஒருத்தர் எண்ணெய்க் கம்பெனி, ஒருத்தர் டாக்டர், இரண்டு பேர் ஐடி. புதிதாக வந்த ஒருவர் அப்போதுதான் என்னிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டு முடித்திருந்தார். நான் வழக்கம்போல, கன்சல்டிங் மாதிரி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் அந்தக் குழம்பு என்னுடையது என்று தெரிந்தால் நான் வீட்டில் என்ன செய்கிறேன் என்பதும் தெரிந்துவிடும். என் மனைவியைப் பார்த்து, ஆமாம் என்று சொல் என்பதுபோலத் தலையை ஆட்டினேன்.

ஆமாக்கா என்று அவள் சொன்னாள். காரில் வரும்போது மகள் பின் சீட்டிலிருந்து, "அம்மா, தட் வாஸ் அ லை," என்றாள். சும்மா இரு என்று அவளை அதட்டினேன்.

அன்று மாலையே அந்த அக்கா என் மனைவியைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். சமையல், தோட்டம், எந்தக் கடையில் எது மலிவு, இதெல்லாம் பேசுகிற குழு. மரச்சீனி எப்படி, மடவை எங்கே என்று கேள்விகள் வந்து குவிந்தன. லேபில் அவள் போனை எடுக்கவே முடியாது. வீட்டுக்கு வந்தால் கண் திறக்க முடியாது. அவளுடைய வாட்ஸ்அப்பை என் லேப்டாப்பில் இணைத்துக்கொண்டு நானே பதில் எழுதினேன். ஒரு தடவை, இரண்டு தடவை என்று ஆரம்பித்தது. பிறகு நான் தினமும் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து அவளாக எழுதுகிறவன் ஆகிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், அதில் எனக்கு ஆனந்தம். பதினோரு வருடம் வகுப்பு எடுத்தவனுக்கு மூன்று வருடம் கழித்து மாணவர்கள் கிடைத்திருக்கிறார்கள். பாகலில் ஆண் பூவை எடுத்துப் பெண் பூவில் எப்படித் தேய்ப்பது என்று படம் வரைந்து அனுப்பினேன். கரிசல் மண்ணுக்கு எவ்வளவு மணல் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மடவையின் குடலைக் கிழியாமல் எடுப்பதை ஆறு படிகளாகப் பிரித்து எழுதினேன். சூப்பர் சிஸ்டர், எப்படி சிஸ்டர் உங்களுக்கு நேரம் கிடைக்குது, நீங்க மனுஷியே இல்ல சிஸ்டர். எல்லாம் வரும். நான் படித்துவிட்டுப் பூரித்துப் போவேன். அப்புறம் அதில் என் பெயர் இல்லை என்பது உறைக்கும். மத்தியானம் முழுக்க யார் மீதென்று தெரியாத எரிச்சலோடு பாத்திரங்களைப் போட்டு உருட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பாடு திண்டாட்டம். சபையில் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு தோட்டச் சந்தேகம் கேட்பார்கள். அதற்காகக் காரில் போகும்போதே அந்த வாரம் நான் என்னென்ன எழுதினேன் என்று பாடம் நடத்துவேன். ஒரு தடவை புடலைக்கு எப்போது உரம் வைப்பீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, இவள் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொல்லிவிட்டாளாம். எல்லோரும் சிரித்தார்கள். இவள் எவ்வளவு தன்னடக்கமாக ஜோக் அடிக்கிறாள் பாருங்கள் என்றார்களாம். வீட்டுக்கு வந்ததும் நான் அவளைத்தான் திட்டினேன். ஒரு சின்ன விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். அதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்படி இரண்டு வருடம். போன இலையுதிர்காலத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது.

எங்கள் ஊர்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். வாழைக்குலை, தேங்காய், கோழி, பூசணி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். இது யார் வீட்டு விளைச்சல் என்று சொல்லித்தான் பொருளைத் தூக்கிக் காட்டுவார்கள். பேர்லேண்டிலும் அதைச் செய்கிறோம். ஆனால் இங்கே யாருக்கும் வயலும் இல்லை, வாழையும் இல்லை. முந்தின நாள் இந்தியன் கடையில் வாங்கிய காயின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிவிட்டு வைப்பார்கள். எந்த மெக்சிகோ விவசாயி விளைவித்ததோ, ஏலத்தில் அது இன்னார் வீட்டு விளைச்சல் ஆகிவிடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என்னிடம் அந்த வருடம் உண்மையான விளைச்சல் இருந்தது. ஒரு மரச்சீனிச் செடியின் தண்டை மேலே கழித்துவிட்டு, கிழங்கைப் பிரிக்காமல் வேரோடு மண்ணோடு தோண்டி எடுத்தேன். ஒரே தண்டில் ஏழு கிழங்கு. இந்த நாட்டுக்கு வந்து நான் உண்டாக்கியது என்று காட்ட இது ஒன்றுதான் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டும்போது வேறொருவர் பெயரைச் சொல்லக்கூடாது. அவள் பெயராக இருந்தாலும் கூடாது. ஒரே ஒரு தடவை அந்த மைக்கில் அது என்னுடையது என்று சொல்லப்பட வேண்டும். அந்த ஒரு ஆசைதான் எனக்கு.

மனைவியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன், குழம்பு, குழு, எல்லாம் என்றேன். யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். அவள் யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, சொல்லுங்க, உங்க இஷ்டம் என்று மட்டும் சொன்னாள். அந்த ஞாயிறு அவளுக்கு லேபில் ஷிஃப்ட். மாற்றித் தரக் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. காரை அவள் எடுத்துக்கொண்டு போனதால், நானும் மகளும் மரச்சீனியும் அந்த அக்கா குடும்பத்தின் காரில் போனோம்.

ஏலம் விடுகிறவர் ரிட்டையர் ஆன ஒரு அங்கிள். பேச்சில் மன்னர். பூசணி போயிற்று, கேக் போயிற்று, ஸ்டிக்கர் சுரண்டிய கத்தரிக்காய் போயிற்று. என் மரச்சீனியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்ததும் ஹாலே வாயைப் பிளந்தது. இது நம் லேப் சிஸ்டர் தன் கையால் பேர்லேண்ட் மண்ணில் விளைவித்தது என்றார் அங்கிள். சிஸ்டர் இன்று டியூட்டியில் இருக்கிறார், அவர் சார்பில் பிரதர் வந்து ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை நீட்டினார்.

போனேன். மைக்கை வாங்கினேன்.

"இத நட்டது நான்தான். தண்ணி விட்டது, மேடு கட்டினது எல்லாம் நான்தான். நீங்க சாப்பிட்ட மீன் குழம்பும் நான் வச்சதுதான். க்ரூப்ல இத்தன நாளா பதில் எழுதினதும் நான்தான். எனக்கு இங்க வேல கிடையாது. இதுதான் என் வேல."

பின்வரிசையில் யாரோ க்ளுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் இன்னொருத்தர். பிறகு ஹால் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். அங்கிள் என் தோளில் கை போட்டு மைக்கை வாங்கிக்கொண்டு, "சிஸ்டர் இல்லாத நேரமா பாத்து பேரத் தட்டிட்டுப் போகப் பாக்காரு பாருங்க," என்றார். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். ஏலம் ஆரம்பித்துவிட்டது. நான் என் நாற்காலிக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகமில்லை.

திரும்பி வரும் காரில் அந்த அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். மடியில் என் மரச்சீனி. ஏலத்தில் எடுத்தது அவர்கள்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பிரதர், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க பாவம், அங்க நின்னு நின்னு கால் வீங்கிப்போய் வந்து வீட்லயும் எல்லாத்தையும் பாக்காங்க. ஜோக்குக்குக்கூட அத உங்களோடதுன்னு சொல்லாதீங்க. மனசு கஷ்டப்படும்லா."

பக்கத்தில் இருந்த மகள்தான் பேசினாள். அப்பாதான் எல்லாம் குக் பண்றார், அம்மாவுக்கு மிக்ஸி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஆமா கண்ணு, அப்பா நல்லா ஹெல்ப் பண்ணுவாங்க என்று அக்கா அவள் கன்னத்தைத் தட்டினார். அதற்கப்புறம் வீடு வரும்வரை இருபது நிமிடமும் அக்காவும் அவர் கணவரும் என் மனைவியின் பெருமையைப் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்றார்கள். நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றார்கள். சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குதித்துவிடலாம் போல இருந்தது. குதித்து எங்கே போவது, நடைபாதைதான் கிடையாதே.

ஒரு கிழங்கை நான் முன்பே ஒடித்து வீட்டில் வைத்திருந்தேன். அதை வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பூண்டும் பச்சை மிளகாயும் கொரகொரப்பாக அரைத்துப் போட்டு மயக்கினேன். முந்தின நாள் மீன் குழம்பு இருந்தது. மனைவி எட்டு மணிக்கு வந்தாள். கழுத்தில் மாட்டிய ஐடி கார்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். தட்டை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கிழங்கைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை.

"நான் ஈஸ்டருக்கே சொல்லிட்டேங்க," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவர்தான் சமைக்காரு, அவர்தான் தோட்டம் வச்சிருக்காருன்னு மூணு பேர்ட்ட சொன்னேன். அந்த அக்காட்ட ரெண்டு தடவ சொன்னேன். புருஷன விட்டுக்குடுக்காம பேசுதீங்கன்னு சொல்லி என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"யாரும் நம்பலன்னு சொன்னா, மறுநாள் எழும்பி அந்த மண்ணக் கொத்துவீங்களா நீங்க?"

கொத்தியிருக்க மாட்டேன். என்னைத் தெரியும் அவளுக்கு. ஆறு மாதமாக அவள் ஞாயிறுதோறும் காரில் என் பாடத்தைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், தப்பாகச் சொன்னதற்கு என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாள், தான் செய்யாததற்கு அங்கே பாராட்டு வாங்கியிருக்கிறாள். அவளுக்கும் அதிலிருந்து வெளியே வர வழி இல்லை. நான் மட்டும்தான் அடைபட்டுக் கிடக்கிறேன் என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அவளுக்குத் தெரியக்கூடாது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது லேப்டாப்பில் சத்தம் வந்தது. அந்த அக்கா. மரச்சீனியை வெட்டி வைத்துவிட்டேன், தண்ணீர் கொதிக்கிறது, எப்படி வேக வைத்தால் உங்கள் வீட்டு மாதிரி மாவாக வரும் என்று கேட்டிருந்தார். பதில் எழுதக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது என் கிழங்கு. ஏழு மாதம் பாடுபட்டு விளைந்ததை முதல் தண்ணீரைக் கொட்டாமல் வேகவைத்துக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது. உட்கார்ந்தேன். நடு நரம்பை உருவிவிடவும், தண்ணீர் கிழங்குக்கு மேல் நிற்கட்டும், மூடக்கூடாது, பாதி வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு சுடுதண்ணீர் ஊற்றவும், உப்பு அதற்கப்புறம்தான் என்று எழுதினேன். அரைமணி நேரம் கழித்துப் படம் வந்தது. நன்றாகத்தான் வெந்திருந்தது. வெடித்து, பூவாக. கீழே, உங்க கைமணம் யாருக்கும் வராது சிஸ்டர் என்று எழுதியிருந்தார்.

அதை மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதற்குள் அவள் தட்டைக் காலி செய்திருந்தாள். தட்டை என் பக்கம் நீட்டினாள். இன்னும் இரண்டு கரண்டி வைத்து, மேலே குழம்பை ஊற்றினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, தேங்க்ஸ் அக்கா என்று போட்டேன்.